பேருந்துக்கும் வகுப்புக்கும் இடையே: மாணவர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பாதிக்கும் மேற்பட்டவை கல்லூரி மாணவர்கள் எழுதியவை என்பதைக் கண்டேன். தேர்வைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ அவர்கள் கேட்கவில்லை. தங்களுக்கென்று உள்ள விருப்பம் ஒன்றை அன்றாட வாழ்க்கையில் எங்கே வைத்துக்கொள்வது என்பதையே ஏறத்தாழ எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அரசுக் கல்லூரிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறையிலும் அதற்கு வெளியிலும் என் மாணவர்களிடம் கண்டதையும் அவர்களோடு சேர்ந்து கற்றதையும் கொண்டே பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் தஞ்சாவூருக்குப் போய் இளநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடுகிறது. கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும் என்ற ஆசை பள்ளிக் காலத்திலிருந்தே இருக்கிறது. வரலாறோ தமிழோ பாடமாக எடுக்காத என்னால் அது முடியுமா? முடியும் என்றாலும் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

பதில்: தம்பி, வணிகவியல் படிப்பதை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். கல்வெட்டு படிக்க விரும்புகிறவருக்கு அது பெரிய பலம் என்பேன். நீங்கள் நாள்தோறும் போய் இறங்கும் தஞ்சாவூரில், 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கணக்குதான். எந்தத் திருமேனிக்கு எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி (இரண்டும் அக்கால எடை அளவுகள்) பொன்னில் அணிகலன் செய்து கொடுக்கப்பட்டது, எந்த ஊர்ச் சபை கோயிலிடமிருந்து எத்தனை காசு பெற்றது, அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு பொலிசை செலுத்த வேண்டும் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொலிசை என்றால் வட்டி. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு என்று அங்கே வருவதை, நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று நீங்கள் உடனே கணக்கிட்டுவிடுவீர்கள்.

நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்றை எரிப்பதற்காக 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கச் செய்த ஏற்பாடும் அங்கே உண்டு. அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. தனித்தனி ஆடு மூப்படையும், சாகும். ஆனால் கிடை ஈன்று பெருகி, எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் எடுத்துச் செலவிடும் இம்முறைக்கு உங்கள் பாடத்தில் என்ன பெயர் என்பதை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள். கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு என்ற முகவரியோடு எழுதி வைத்த ஒரு கல்வெட்டும் அங்கே இருக்கிறது. வரலாற்று மாணவர்கள் பலர் அரசர் பெயரைக் கண்டதும் நிறைவடைந்து நகர்ந்துவிடுவார்கள். கணக்கில் பழகிய கண் அந்தப் பட்டியலில் நின்று நிதானிக்கும்.

எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து இன்றைய எழுத்திலிருந்து அடையாளம் தெரியாத அளவுக்கு விலகிப் போனதன்று. தடுமாற வைப்பவை சில உண்டு: மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இராது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான், துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, வடசொற்கள் கிரந்த எழுத்தில் கலந்து வரும். ஆகவே ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகத்துக்குத் துணையாக நிற்பது கல்வெட்டின் வாய்பாடு. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கி, அரசனின் புகழுரையான மெய்க்கீர்த்தியைச் சொல்லி, ஆட்சியாண்டைக் குறித்து, நாடும் ஊரும் கூறி, கொடுத்தவரையும் கொடையையும் விவரித்து, சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது செல்லும் என்று முடிவது பெருவழக்கு. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டால், பாதி சிதைந்த எழுத்தும் பிடிபடும்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். உங்கள் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது என்றும், நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நின்றுகொண்டு மனப்பாடம் செய்யலாம் அல்லவா? ‘திருமகள் போல’ என்று தொடங்கும் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டு வரி போதும். அது நெஞ்சில் ஏறிய பிறகு ‘திருமன்னி வளர’ என்று தொடங்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வரும் பாடத்தைச் சுவரில் உள்ள எழுத்தோடு ஒன்றொன்றாகப் பொருத்திப் பார்க்கும்போது, எழுத்து தானாகவே பழகிவிடும். நான் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். எழுத்து வடிவ அட்டவணையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் போராடித் தோற்ற பிறகு, மனப்பாடம் மூன்று வாரத்தில் வழிகாட்டியது.

கல்லூரியில் இடைவேளை கிடைக்கும் நாளில் நூலகத்தில் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையைக் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறை 1890-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் வரிசை அது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த அதன் இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு உரியது. நூலகத்தில் இல்லையென்றால் மின்படியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சுப் பாடத்தை முதலில் படித்துவிட்டு அதன் பிறகு சுவரின் முன் போய் நில்லுங்கள். தொடக்கத்தில் இதைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பதைப் போன்றதுதான் அது.

ஞாயிற்றுக்கிழமைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. உங்கள் வழியிலேயே கீழப்பழுவூரில் திருஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இருக்கிறது. அதற்கு அருகே கீழையூரில், சோழருக்குக் கீழிருந்த சிற்றரசர்களான பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் இருக்கிறது. அதிகாலையிலோ மாலையிலோ வெயில் சுவரின் மேல் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்தின் வெட்டில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலான மண்டபத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலும் அதே பயன் கிடைக்கும். எழுத்தில் சுண்ணாம்புக் கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். எழுத்தின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது முறையான அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. உங்களுக்குத் தெளிவான நிழற்படமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

நிழற்படத்தை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. என் மாணவர்களோடு சேர்ந்து ஓர் ஊர்க் கோயிலில் பாதி படித்து வைத்திருந்த கல்வெட்டைத் தொடர்ந்து படிக்க, ஓராண்டு கழித்துப் போனேன். திருப்பணிக்காக மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுத்தம் செய்திருந்தார்கள். கல் பளிச்சென்று இருந்தது, எழுத்து இல்லை. மீதிப் பாதியில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் அறிய முடியாது. அன்று எங்களிடம் ஒரு நல்ல படம் இருந்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

பருவத் தேர்வு வந்தால் மூன்று வாரம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுங்கள். ஆயிரம் ஆண்டு காத்திருந்த கல் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. காரைக்குடியில் வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பறவைகளைப் பார்ப்பதில் மிகுந்த விருப்பம். “வயசுப் பெண் காலங்காத்தாலே குருவி பார்க்கிறேன் என்று கண்மாய்க் கரையில் நின்றால் ஊர் என்ன சொல்லும்?” என்று என் தாயார் தடுக்கிறார். தொலைநோக்கிக் கருவி வாங்கவும் வசதியில்லை. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் தாயாரின் அச்சத்தை மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, ஆளில்லாத கரையில் விடியற்காலையில் மகள் தனியே நிற்பதை எண்ணினால் எந்தத் தாய்க்கும் கலக்கம் வரும். கண்மாயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கல்லூரி வளாகமே போதும். மரங்கள் உள்ள ஒரு வளாகத்தில் தவிட்டுக்குருவி, செம்போத்து, கொண்டலாத்தி, தையல்சிட்டு, வால்காக்கை, கரிச்சான், மரங்கொத்தி ஆகியவற்றைக் காண அதிக நாள் ஆகாது. ஆல் பழுக்கும் காலத்தில் குக்குறுவானின் குரல் வகுப்பறைக்குள்ளேயே கேட்கும். வெறுங்கண்ணால் பார்த்துக் காதால் கேட்டு ஐம்பது இனங்களை அறிந்த பிறகு கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். குரலால் அடையாளம் காணப் பழகியவருக்குக் கருவி பிறகு வந்தாலும் நன்மையே. கருவியில் தொடங்கியவர்கள் காதைப் பயன்படுத்துவதே இல்லை.

வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். நான் 15 நிமிடம் என்று சொல்வது காரணமில்லாமல் அன்று. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடந்து வரும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்பிலும் கேட்கப்படுவது குறைந்தது 15 நிமிட நோக்கல்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் நடத்தும் ‘ஈபேர்ட்’ தளத்தில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்யலாம். பிப்ரவரிக் கணக்கெடுப்பின்போது இந்தியக் கல்லூரி வளாகங்கள் தங்களுக்குள் தனியாகவும் கணக்கெடுக்கின்றன. உங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையிலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி நான்கைந்து தோழிகளைச் சேர்த்துக்கொண்டால், ‘தனியாக நிற்கிறாள்’ என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும். அக்டோபரில் வலசை வரும் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக அமரும் நாளை மூன்று ஆண்டும் குறித்து வைத்தால், உங்கள் வளாகத்தைப் பற்றி வேறெங்கும் இல்லாத ஒரு குறிப்பு உங்களிடம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் மாவட்டத்திலேயே திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பறவைகள் காப்பிடம் இருக்கிறது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாளில் உங்கள் தாயாரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். குருவி பார்ப்பது வேலையற்றவர் வேலை என்று அந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதை அவரே நேரில் காணட்டும். அவர் சிறுமியாக இருந்தபோது ஊரில் என்னென்ன பறவைகள் வந்தன, அவற்றை எப்பெயரால் அழைத்தார்கள் என்று வழியில் கேளுங்கள். நூல்களில் இல்லாத பெயர்கள் சில அவரிடம் கட்டாயம் இருக்கும்.

கேள்வி: கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறேன். ஓவியம் வரைவது எனக்குப் பிடிக்கும். ஆனால் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து கைப்பேசியை எடுத்தால் பதினோரு மணி ஆகிவிடுகிறது. மன உறுதி வளர என்ன வழி?

பதில்: மன உறுதியைப் பற்றிய பேச்சே வேண்டாம், தம்பி. களைத்துப்போய் அறைக்கு வந்தவரிடம் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சமான உறுதி. அதை நம்பி ஒரு பழக்கத்தைக் கட்ட முடியாது. அறைக்குப் போவதற்கு முன்பே வரைந்துவிடுங்கள். கடைசி வகுப்பு முடிந்ததும் வளாகத்தில் ஒரு மரத்தடியிலோ உணவகத்தின் மூலை மேசையிலோ உட்கார்ந்து, பையில் எப்போதும் இருக்கும் சிறு ஏட்டில் அரை மணி நேரம் எதிரில் உள்ளதை வரையுங்கள். தேநீர்க் குவளையாக இருந்தாலும் சரி, நிறுத்தி வைத்த மிதிவண்டியாக இருந்தாலும் சரி. அதன் பிறகு கைப்பேசியைப் பாருங்கள், அது குற்றமன்று.

கேள்வி: ஐயா / அம்மா, பவானியில் இருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு கணிதம். வளாக நேர்காணலுக்காகத் தன்விவரக் குறிப்பு எழுதும்போது ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் நண்பர்கள் எல்லோரும் புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல் என்று எழுதுகிறார்கள். எனக்கு உண்மையில் எதிலும் ஆர்வம் இல்லை. வார இறுதியில் அப்பாவுக்குத் தறியில் உதவி செய்யவே நேரம் சரியாக இருக்கிறது. நான் என்ன எழுதுவது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆர்வம் இல்லை என்று எழுதிய அதே கடிதத்தின் கீழ்ப்பகுதியில், இங்கே சுருக்கத்துக்காக விட்டுவிட்ட ஆறு வரிகளில், சமுக்காளத்தில் பட்டைகளின் நிறங்களை உங்கள் தந்தை எந்த வரிசையில் அடுக்குகிறார், அதை மாற்றினால் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்காமலே செய்த கணக்கு அது. மதிப்பெண்ணும் கூலியும் இல்லாமல் ஒருவர் தாமாக எதைச் செய்கிறாரோ அதற்குத்தான் ஈடுபாடு என்று பெயர்.

கல்லூரிப் பிள்ளைகள் பலர், ஆர்வம் என்றால் அது வீட்டுக்கு வெளியே, தொழிலுக்கு வெளியே, கொஞ்சம் செலவு பிடிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பவானி சமுக்காளம் உங்கள் வீட்டுக் குழித்தறியில் நெய்யப்படுகிறது. பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, தார் என்று தறியைச் சுற்றி ஒரு தனிச் சொல்லுலகமே இருக்கிறது. அவற்றுள் பல சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். பல அகராதியில் ஏறவே இல்லை. ஒரு நோட்டில் அச்சொற்களைத் தந்தையிடமும் அக்கம்பக்கத்து நெசவாளர்களிடமும் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து வையுங்கள். தமிழ் விக்சனரியில் அவற்றைச் சேர்க்க யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. விசைத்தறி வந்த பிறகு குழித்தறியில் உட்கார ஆள் குறைந்து வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தன்விவரக் குறிப்பில் ‘சமுக்காள நெசவும் அதன் வண்ண அமைப்புக் கணக்கும்’ என்று எழுதுங்கள். நேர்காணல் எடுப்பவர் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் உங்களால் பத்து நிமிடம் தடையில்லாமல் பேச முடியும். கேட்காவிட்டாலும் அது உண்மையாக இருக்கும்.

கேள்வி: புதுச்சேரியில் பொருளியல் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் வகுப்பு, உணவு, பேருந்து என்று ஒவ்வொரு நாளும் ஒன்றுபோலவே இருப்பதால் எழுத எதுவும் இல்லை. உணர்ச்சிகளை எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், அம்மா. உங்கள் ஊரிலேயே நாட்குறிப்புக்கு ஒரு பேராசான் இருந்தார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஆளுநர் துப்ளேக்சின் காலத்தில் துவிபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை தமிழில் எழுதிய நாட்குறிப்புகள் இன்று நமக்குப் பெருஞ்செல்வம். அவற்றுள் எத்தனை பக்கங்கள் அவருடைய உள்ளத்து உணர்ச்சியைப் பற்றியவை என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். எந்தக் கப்பல் என்றைக்கு வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த வழக்கு எப்படி முடிந்தது என்றுதான் எழுதினார். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோதும் அப்படியே கண்டதையும் கேட்டதையும் எழுதினார். அந்தச் சாதாரணச் செய்திகளின் வழியாகத்தான் அன்றைய புதுச்சேரி நமக்குக் கண்முன் நிற்கிறது. அவருடைய கவலையும் அச்சமும்கூட அவற்றுக்கு நடுவில் தாமே வெளிப்படுகின்றன.

பொருளியல் மாணவியாகிய நீங்கள் விலையில் தொடங்கலாம். தேநீர் என்ன விலை, பேருந்துக் கட்டணம் எவ்வளவு, விடுதிக் கட்டணத்தில் எது கூடியது, யாரிடம் கடன் வாங்கினீர்கள், எப்போது திருப்பிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அதோடு அன்று காதில் விழுந்த ஒரு பேச்சைப் பேசியவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். தேதியும் கிழமையும் தவறக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் அதை நினைவிலிருந்து இட்டு நிரப்பாமல் அந்தப் பக்கத்தை வெற்றாகவே விட்டுவிடுங்கள். ஐந்து வரிக்கு மேல் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்றிரவு விடுதியில் என்ன குழம்பு என்பதிலிருந்தே தொடங்குங்கள்.